லாக் நம்பர் எழுதிய சீட்டு

உடைந்த போனை நீட்டும்போது
கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள்:
நாலு ஏழு ஒன்று ஒன்று.
மகள் பிறந்த தேதி, வண்டி எண்,
ஒருவருக்கு வயலின் சர்வே நம்பர்.
மஞ்சள் சீட்டில் எழுதிப் பின்பக்கம் ஒட்டுகிறேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடும்போதெல்லாம்
கடைக்குள் நாலு பேர் ஒதுங்குவார்கள்.
பொழுது சாய்வதற்குள்
பாதி ஊரின் சாவி என் டிராயரில்.

நான் திறந்து பார்ப்பதில்லை.
அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?
தெரியாது.
நான் எங்கே குடியிருக்கிறேன் என்று தெரியும்.
தப்பு செய்தால் வாசலில் வந்து கத்தலாம்,
என் மாமியார் காதில் விழும்படி.

சிங்காரவேல் போன தையில்
அறுவடை மெஷின் வாடகைக்கு அவசரமென்று
கடன் ஆப் ஒன்றை இறக்கினார்.
தொடர்புகள், படங்கள், இருக்குமிடம்.
அனுமதி, அனுமதி, அனுமதி.
மூணாறு தலைப்பில்
மூன்று ஆற்றுக்கும் ஒரே மூச்சில்
ஷட்டரைத் தூக்கிவிட்டது மாதிரி.
ஒன்பதாம் நாள் சம்பந்திக்குப் போனது செய்தி,
உரக்கடைக்குப் போனது,
செத்துப்போன அண்ணன் எண்ணுக்கும் போனது:
இவன் திருடன்.
கத்துவதற்கு ஒரு வாசல் தேடினார்.
இருந்தது ஒரு மின்னஞ்சல்.
அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது.

நேற்று தையல்நாயகி
கூட்டம் கலையும்வரை ஹெட்போன் பார்ப்பதுபோல் நின்றாள்.
'நாள் குறிச்சு வைக்கணும்க்கா. டாக்டர் சொன்னாங்க.
வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டா
எல்லாரும் எண்ணுவாங்க.
எந்த ஆப் நல்லது?'

மூன்றை இறக்கிப் பார்த்தோம்.
முதலாவது ரோஸ் நிறம். இலவசம்.
நாலு கோடிப் பெண்கள் எங்களிடம் என்றது.
பெயர் கேட்ட கையோடு எடை கேட்டது,
புருஷனோடு கடைசியாக எப்போது என்றது.
போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாவதன் நிபந்தனைகள் நாற்பத்தோரு பக்கம்.
தமிழும் இருந்தது, மெஷின் தமிழ்:
'உங்கள் விவரங்களை எங்கள் பங்காளிகளுடன் பகிர்வோம்.'
இருவரும் சிரித்துவிட்டோம்.
பங்காளி என்றால் இங்கே
வருஷத்துக்கு ஒரு விரல் வரப்பை நகர்த்துகிறவன்.
தெரியாமல் உண்மையை எழுதிவிட்டார்கள்.

மூன்றாவதில் அழகு ஒன்றுமில்லை.
யாரோ நாலு பேர் சும்மா செய்ததாம்,
முடிந்தால் ஐம்பது ரூபாய் கொடு என்றது.
அனுமதி எதுவும் கேட்கவில்லை.
டேட்டாவை அணைத்தேன். அப்போதும் ஓடியது.
உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாமாம்.
எனக்குப் படிக்கத் தெரியாது.
தலைப்பில் தண்ணீருக்குள் நிற்கும் அளவுகல்லையும்
நான் போய்ப் படித்ததில்லை.
ஆனால் கடைமடையிலிருந்து எவனாவது
சைக்கிளில் வந்து பார்த்துவிடுவான் என்ற பயம்
ஷட்டர் திருகுகிறவர் கையில் இருக்கும்.
இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

'நம்பலாமாக்கா?'
'இதுங்கிட்ட கொடுக்கிறது கம்மி' என்றேன்.
அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரியும்.
வைத்துக்கொண்டாள்.
படியிறங்கும்போது திரும்பினாள்:
'உங்க போன்ல எது?'

ரோஸ் நிறம்.
ஐந்து வருஷமாக.
அவளிடம் என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.
ராத்திரி கணக்கை அழித்தேன்.
'உறுதியாகவா?' என்று இரண்டு தரம் கேட்டது,
முப்பது நாளில் எல்லாவற்றையும் அழிப்போம் என்றது.
விலகுவதற்கும்
அவர்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

காலையில் முதல் ஆள், வெள்ளைச் சட்டை, புதுமுகம்.
சார்ஜ் ஏறாத போனை வைத்துவிட்டு
'ரெண்டு எட்டு...' என்று ஆரம்பித்தார்.
'சொல்லாதீங்க. நம்பர் இல்லாமலே பார்க்கலாம்.'
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
போனை மெல்ல எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு
கேட் திறந்ததும்
எதிர்க்கடைக்குப் போனார்.